வெண்கலத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கேள்வி: 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி என்று சென்னையிலும் மதுரையிலும் பணத்தைக் கொட்டினார்கள். பாகிஸ்தான் வரவில்லை. ஓமனை 17-0 என்று அடித்து மார்தட்டிக்கொண்டோம். கடைசியில் மூன்றாம் இடம். இதனால் யாருக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: செட்டிநாட்டில் பிறந்தவர் லாப நட்டம் கேட்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் ஐந்தொகை பார்க்க உட்கார்ந்தவர் பற்றை மட்டும் படித்துவிட்டுப் பேரேட்டை மூடிவிடலாமா?

ஓமன் ஆட்டத்தை நானும் கொண்டாட மாட்டேன். பாகிஸ்தான் விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த அணி அது. முதன்முறையாக 24 அணிகளைச் சேர்த்த போட்டியில் இப்படி ஒன்றிரண்டு ஒருதலை ஆட்டங்கள் இருக்கத்தான் செய்யும்.

மூன்றாம் இடம் என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களே, அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா? அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று உதை வாங்கிய பையன்கள், அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கடைசிக் கால் பகுதிக்குள் நுழைகிறார்கள். 49-ஆவது நிமிடம் அங்கித் பால், 52-இல் மன்மீத் சிங், 57-இல் சாரதா நந்த் திவாரி, 58-இல் அன்மோல் எக்கா. 4-2! 2016-இல் லக்னோவில் கோப்பையை வென்ற பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா பார்த்த முதல் பதக்கம் இதுதான். கோப்பை ஜெர்மனிக்குப் போனது; எட்டாவது முறை. அவர்களிடம் தோற்றதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பதக்கத்தை விடுங்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மதுரை ரேஸ் கோர்ஸ் ஹாக்கி அரங்கில் செயற்கைப் புல்தரை கிடக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் அதில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நனைந்த தரையில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். எதிரணி தன் கோலருகே தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில் மட்டையின் வளைவில் பந்தை அணைத்து, இழுத்து, சுழற்றி வீசுகிறார்களே, அந்த 'டிராக் ஃபிளிக்' இத்தகைய தரையில்தான் படியும். நம் சரளை மண்ணில் இழுத்துப் பாருங்கள்: பந்து முழங்காலுக்கு எகிறும், மட்டையின் அடி தேய்ந்து நார் நாராகும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அந்தத் தரையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் கால் வைக்கப் போகிறார்கள்? லாபம் அங்கே இருக்கிறது.

விளையாட்டுக்கும் செட்டிநாட்டுக்காரர்களான நமக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் சுமப்பது எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரை, செட்டிநாட்டு அரச குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் அகில இந்திய அணிகள் மோதும் ஹாக்கித் தங்கக் கோப்பைக்கு நம் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் பெயர். கோப்பையில் பெயர் பொறிப்பதில் நாம் குறை வைக்கவில்லை. ஆடுவதற்குத்தான் ஆள் அனுப்புவதில்லை!

கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்து பிழைக்கும் கரிசல் ஊர். அங்கே ஹாக்கி மட்டை இல்லாத தெருவைத் தேட வேண்டும். அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம் அங்கே விடுதியில் தங்கிப் பயின்றுதான் இந்திய அணிக்குப் போனார். 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியின் ஐந்தாவது கோல் அவருடையது. மறுநாள் இறுதியாட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது.

ஜூனியர் உலகக் கோப்பைக்கு டிக்கெட் இலவசம். அப்படியும் நீங்கள் போகவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. போகட்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், விளையாட்டு அறையில் உருப்படியான ஹாக்கி மட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.