வோல்மார்ட்டின் மலிவு விலை திறமையால் வருகிறதா, சுரண்டலால் வருகிறதா?

கொழும்பில் முகாமைத்துவம் படிக்கும் நீங்கள், அமெரிக்கப் பெருங்கடை நிறுவனமான வோல்மார்ட் இவ்வளவு மலிவாக விற்பது திறமையாலா, மற்றவர்களைச் சுரண்டுவதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாலும்தான். ஆனால் விலையின் எந்தப் பகுதி திறமையால் குறைந்தது, எந்தப் பகுதி வேறொருவர் தலையில் கட்டப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பதிலுக்குப் பயனுண்டு. நான் இங்கே ஆடை ஏற்றுமதித் துறையில் விலைக் கணிப்பு வேலை செய்பவன். ஆகவே இத்தகைய பெருங்கடைகளைச் சரக்கு அனுப்புபவர்களின் பக்கத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன்.

முதலில் திறமையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மெய்யானது. சாம் வோல்டன் 1962இல் ஆர்கன்சா மாநிலத்தின் ரொஜர்ஸ் என்னும் சிற்றூரில் முதற்கடையைத் திறந்தார். பெரிய வியாபாரிகள் எட்டிப் பார்க்காத ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு களஞ்சியத்திலிருந்து லொறி ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள் கடைகளைப் பரப்பினார். களஞ்சியத்தின் ஒரு வாசலில் இறங்கும் சரக்கு அங்கே தேங்காமல் மறுவாசலில் வேறொரு லொறியில் ஏறிவிடும். 1987இல் கடைகளையும் தலைமையகத்தையும் இணைக்கும் செய்மதி வலையமைப்பு பூர்த்தியானது. அடுத்த சில ஆண்டுகளில், தங்கள் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்பதை வழங்குநர்களே கணினியில் பார்க்கக்கூடிய வசதியும் வந்தது. அடிக்கடி விலைக்கழிவு அறிவிக்காமல் நாள்தோறும் ஒரே குறைந்த விலையில் விற்றதால், வாங்குவோரின் கேள்வி திடீரென ஏறி இறங்காமல், தேவைக்கு மேல் சரக்கு முடங்குவதும் குறைந்தது. இவற்றால் விலை குறைந்ததில் யாருக்கும் அநியாயம் நடந்ததாக நான் நினைக்கவில்லை. 2024 நிதியாண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ 64,800 கோடி டொலர். அதில் நூறு டொலருக்கு நிகர இலாபம் இரண்டரை டொலருக்கும் குறைவு.

இலாப வீதம் இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, இன்னும் ஒரு சதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அது எங்கிருந்து வரும்? இங்கேதான் எனக்கு நன்கு தெரிந்த பகுதி தொடங்குகிறது. ஒரு டீசேர்ட்டின் விலைக் கணிப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். துணி பெரும்பாலும் கொள்வனவாளர் பெயர் குறித்த ஆலையிலிருந்துதான் வர வேண்டும். அதன் விலையில் தொழிற்சாலை கை வைக்க முடியாது. லேபல், பொத்தான், பொதியிடும் பை போன்றவையும் பெரும்பாலும் அப்படியே. கடைசியில் மிஞ்சுவது வெட்டித் தைக்கும் கூலி என்ற ஒரேயொரு வரி. சென்ற பருவத்து விலையைவிடப் பத்துச் சதம் குறைத்து, இதுதான் விலை, முடியுமா முடியாதா என்று கொள்வனவாளர் கேட்கும்போது, அந்தப் பத்துச் சதமும் அந்த வரியிலிருந்தே போகிறது. ஓர் ஆடையைத் தைக்க இத்தனை நிமிடம் என்று தாளில் உள்ள எண் சிறிது குறைக்கப்படும். கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயத்தில் தையல் வரிசையின் முன்னே தொங்கும் பலகையில் மணித்தியால இலக்கு சிறிது கூடும். வவுனியாவிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்து விடுதி அறையொன்றைப் பகிர்ந்துகொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கு அந்தப் பேரத்தில் இடமே இல்லை. அதைவிட மோசமானது, ஏற்றுக்கொண்ட வேலையைக் கொள்வனவாளருக்குத் தெரியாமல் இன்னும் மலிவான உப ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவது.

பங்களாதேஷின் தஸ்ரீன் தொழிற்சாலையில் 2012 நவம்பரில் தீ பிடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது வோல்மார்ட் சொன்ன விளக்கம் இதுவே: தன் அனுமதியின்றி வழங்குநர் அங்கே வேலையைக் கொடுத்துவிட்டார் என்றது. அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். நேர்வழியில் செய்து முடிக்க முடியாத விலையையும் தவணையையும் விதித்தவர், குறுக்குவழி தேடியவர் மீது மட்டும் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் பல ஐரோப்பிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. வோல்மார்ட் அதில் சேராமல் வேறு சில அமெரிக்க நிறுவனங்களுடன் தனிக் கூட்டமைப்பொன்றை உருவாக்கிக்கொண்டது.

தன் சொந்த ஊழியர்கள் விடயத்திலும் இதே போக்கைக் காணலாம். கனடாவின் ஜொங்கியேர் நகரில் தொழிற்சங்கம் அமைந்த கடையை 2005இல் மூடினார்கள். 2014இல் கனடிய உயர் நீதிமன்றம் ஊழியர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. உணவு முத்திரையும் (குறைந்த வருமானத்தினர் உணவு வாங்க அரசு தரும் உதவி) அரச மருத்துவக் காப்புறுதியும் பெறும் தொழிலாளர்கள் அதிகம் வேலை செய்யும் நிறுவனங்களில் வோல்மார்ட்டும் ஒன்று என்று அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு நிறுவனமே 2020இல் அறிக்கையிட்டது. அப்படியானால் சம்பளத்தின் ஒரு பங்கை வரி செலுத்துவோர் கொடுக்கிறார்கள் என்றே பொருள்.

மலிவு விலையால் ஏழைக் குடும்பங்களுக்குத்தானே நன்மை என்பீர்கள். நன்மைதான். 2006இல் பொது மருந்துகள் (வர்த்தகப் பெயரில்லாத மலிவு மருந்துகள்) பலவற்றின் ஒரு மாத அளவை நான்கு டொலருக்கு அது விற்கத் தொடங்கியது பலருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மலிவுக்கு இந்தக் கசக்கிப் பிழிதல் கட்டாயம் என்ற வாதம் நிற்காது. பொருளின் மீது ஏறத்தாழ 15 வீதத்துக்கு மேல் வைத்து விற்பதில்லை என்று வரம்பிட்டிருக்கும் கொஸ்ட்கோ என்னும் இன்னோர் அமெரிக்கப் பெருங்கடை, ஊழியர்களுக்கு நீண்ட காலமாகக் கூடுதல் சம்பளம் கொடுத்தே வளர்ந்திருக்கிறது. அதற்கு வாடிக்கையாளர்கள் செலுத்தும் அங்கத்துவக் கட்டணம் கைகொடுக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்றாலும் மலிவுக்கு வேறு வழியும் உண்டு என்பதற்கு அது போதிய சாட்சி.

உங்கள் ஒப்படைக்கு ஒரு யோசனை: நிறுவனத்தின் ஒழுக்கக் கோவையை வாசிப்பதோடு நிற்காமல், அது வழங்குநருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது, ஓடர் கொடுத்த பிறகு விலையை மாற்றுகிறதா, அனுப்பிய சரக்கை இரத்துச் செய்தால் நட்டம் யாருக்கு என்று தேடிப் பாருங்கள். பிரித்தானியா 2013இல் பெரும் சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் வழங்குநர்களுக்கும் இடையே நடுவர் ஒருவரை நியமித்தது. பழுதடையும் உணவுப் பொருளுக்கு 30 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதித்தது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி அனுப்பும் விவசாயிக்கும் கட்டுநாயக்காவில் தைக்கும் பெண்ணுக்கும் இத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் நாட்டுச் சங்கிலிக் கடைகளிடமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை ஒப்படையில் சேருங்கள்.