வால்வாக்ஸ்: ஒற்றைச் செல் உடலான விதம் (கேள்வி பதில்)

கேள்வி (கல்லூரி மாணவி): பல செல் உயிரிகளின் தோற்றத்தை அறிய, விலங்குகளை விட்டுவிட்டு வால்வாக்ஸ் என்னும் குளத்துப் பாசியை ஏன் ஆராய்கிறார்கள், ஐயா?

பதில்: விலங்குகள் பல செல் நிலையை அடைந்து 60 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், இடைப்பட்ட வடிவங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. வால்வாக்ஸ் மரபில் அம்மாற்றம் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக மதிப்பிடுகிறார்கள். அதன் ஒற்றைச் செல் உறவினரான கிளாமிடோமோனஸும், பெரும்பாலும் 16 செல்கள் கொண்ட பாண்டோரினாவும், 32 செல்கள் கொண்ட யூடோரினாவும் இன்றும் நன்னீரில் வாழ்கின்றன. இவற்றை ஏணிப்படிகளாக எண்ணிவிட வேண்டாம். வால்வாக்ஸ் வடிவம் இம்மரபில் ஒருமுறைக்கு மேல் தோன்றியிருக்கிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): எல்லாச் செல்களும் நீந்தவும் பெருகவும் செய்யலாமே, வேலையைப் பிரித்துக்கொள்ள என்ன கட்டாயம்?

பதில்: இத்துறையின் ஆழமான கேள்வி இதுவே என்பது என் கருத்து. செல் நீந்தப் பயன்படும் சாட்டை போன்ற கசையிழையை அடியில் தாங்கி நிற்கும் உறுப்பும், செல் பிரியும்போது அப்பிரிதலை ஒழுங்குபடுத்த உதவும் சென்ட்ரியோலாகப் பணிபுரியும் உறுப்பும் ஒன்றுதான். ஆகவே இரு வேலைகளையும் ஒருசேரச் செய்வது கடினம்; கிளாமிடோமோனஸ் பிரிவதற்கு முன் தன் இரு கசையிழைகளையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. தனித்து வாழும் செல்லுக்குச் சிறிது நேரம் நீந்தாமலிருப்பது பெரிய இழப்பன்று. ஆனால் ஆயிரக்கணக்கான செல்கள் கொண்ட கோளத்தில் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் நெடிய பிரிதலில் இறங்கினால், நீரைவிடச் சற்றே அடர்ந்த அக்கோளம் ஒளி கிடைக்கும் மேல்நீரை விட்டு அமிழ்ந்துவிடும். ஆகவே வால்வாக்ஸ் கார்ட்டெரி என்னும் இனத்தில் சுமார் 2,000 சிறு செல்கள் வெளிப்புறத்தில் நின்று நீந்த மட்டுமே செய்கின்றன. உள்ளிருக்கும் ஏறக்குறைய 16 பெரிய செல்கள் பெருக மட்டுமே செய்கின்றன. சேய்க்கோளங்கள் வெளியேறியபின் நீந்திய செல்கள் மடிந்துவிடுகின்றன. உடல் செல்லுக்கும், அடுத்த தலைமுறையை உருவாக்கும் இனச் செல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் 19ஆம் நூற்றாண்டிலேயே வால்வாக்ஸைச் சான்றாகக் காட்டினார்.

கேள்வி (மருத்துவ மாணவர்): இதற்கு ஏராளமான புதிய மரபணுக்கள் தேவைப்பட்டனவா?

பதில்: இல்லை. 2010இல் வால்வாக்ஸின் மரபணுத்தொகுதி வெளியானபோது, புரதங்களுக்கான மரபணுக்கள் அதிலும் கிளாமிடோமோனஸில் உள்ளதைப் போலவே சுமார் 14,500 என்பது தெரியவந்தது. செல்களைச் சூழும் கூழ்ப்பொருளுக்கான புரதங்கள் போன்ற சில வகைகளே பெருகியிருந்தன. ரெக்ஏ என்னும் மரபணு, சிறு செல்களில் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் உருவாவதைத் தடுப்பதால் அவை வளர்வதில்லை, வளராததால் பிரிவதுமில்லை என்று விளக்குகிறார்கள். அது பழுதானால், அச்செல்கள் முதலில் நீந்திவிட்டுப் பின்னர் பருத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்குகின்றன. இதன் உறவு மரபணு ஒன்று கிளாமிடோமோனஸில் ஒளியோ ஊட்டமோ குறையும்போது தூண்டப்படுகிறது. பற்றாக்குறைக் காலத்தில் வளர்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த ஏற்பாடுதான், உடலின் ஒரு பகுதியில் அதை நிரந்தரமாக நிறுத்தப் பயன்பட்டது என்னும் கருத்தை நான் மிக வலுவானதாகக் கருதுகிறேன்.

கேள்வி: எந்தச் செல் எதுவாகும் என்பதை எது முடிவு செய்கிறது?

பதில்: அளவுதான். உருவாகிவரும் சேய்க்கோளம் 32 செல் நிலையை எட்டும்போது, அதன் முன்பகுதிச் செல்கள் சமமின்றிப் பிரிகின்றன. பிரிதல் முடியும்போது சுமார் 8 மைக்ரோமீட்டருக்கு (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட விட்டமுள்ளவை இனச் செல்களாகின்றன.

கேள்வி: நம் ஊர்க் குளங்களில் இதைக் காணலாமா?

பதில்: காணலாம். சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் தென்னிந்திய வால்வாக்ஸ் வகைகளை 1933இலேயே விவரித்து எழுதியுள்ளார். குளத்துநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு பக்கம் மட்டும் மிதமான ஒளிபடும்படி வையுங்கள். வால்வாக்ஸ் இருந்தால், பச்சைப் புள்ளிகளாக அப்பக்கம் திரள்வதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடியும்.