ஈர சாக்ஸும் மன உறுதியும்

அன்புள்ள ஐயா,

1962 இந்திய-சீனப் போர் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பருத்திச் சீருடையும் கேன்வாஸ் காலணியுமாகச் சிப்பாய்களை இமயமலைக்கு அனுப்பியதுதான் பெரிய குற்றம் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் எண்பதுகளில் சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தவன். கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஈரத்தோடு ஈரமாக ரூட் மார்ச் போனோம். ஒன்றும் ஆகிவிடவில்லை. என் மகன் இப்போது பயிற்சிக்காக நியூசிலாந்து போகிறான். அதற்கென்று பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் சாக்ஸ், கையுறை என ஒரு பை நிறைய வாங்கி வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மன உறுதி உள்ளவனைக் குளிர் என்ன செய்யும்? தோற்றவர்கள் குளிர்மேல் பழி போடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ரா.ம., ஈசூன்

அன்புள்ள ரா.ம.,

உங்கள் கடைசி வரியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1941இல் மாஸ்கோ வாசலில் திணறிய ஜெர்மானியத் தளபதிகள் பலர், பின்னாளில் ரஷ்யக் குளிரைத்தான் காரணம் காட்டினார்கள். அதே குளிர் எதிரே நின்ற செஞ்சேனைக்கும் அடித்தது. ஆனால் செஞ்சேனைக்காரர்களுக்கு ‘வாலென்கி’ என்ற தடித்த கம்பளி பூட்ஸ் இருந்தது. ஜெர்மானியன் போட்டிருந்தது காலை இறுக்கிப் பிடிக்கும் தோல் பூட்ஸ், அடியில் இரும்பு ஆணி. ஆணி வழியாகக் குளிர் நேரே உள்ளங்காலுக்கு ஏறியது. குளிர்காலத்துக்கு முன் போர் முடிந்துவிடும் என்று பெர்லினில் போட்ட கணக்குக்கு விலை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பனிக்கடிக் காயங்கள். டிசம்பரில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ், வீட்டில் இருக்கும் கம்பளியையும் ஃபர் கோட்டையும் படைக்குக் கொடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்க வேண்டி வந்தது. ஆக, குளிர்மேல் பழி போட்டார்கள் என்பது சரி. போட்டவர்கள் தளபதிகள். விரல் போனது சிப்பாய்க்கு.

மன உறுதி விஷயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். குளிர் முதலில் எடுத்துக்கொள்வதே வலியைத்தான். இதற்கு உறைபனிகூட வேண்டாம். பூஜ்யத்துக்கு மேலே, 15 டிகிரிக்குள், ஈரமும் சேர்ந்தால் போதும். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிரே தாராளம். காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நரம்புக்கு ரத்தம் போதவில்லை, கால் மரத்துப்போகிறது. மரத்த காலோடு ஒருவன் நாள் முழுக்க நடப்பான், தான் திடமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு. எங்காவது சூடு கிடைத்து கால் இளகிய பிறகுதான் வீக்கமும் எரிச்சலும் வரும். சிலருக்கு அந்த வலியும், குளிர் பட்டாலே தாங்காத நிலையும் பல வருடங்கள் போவதில்லை. டிரெஞ்ச் ஃபுட் என்பது இதுதான். திசுவே உறைந்துபோகும் பனிக்கடி வேறு. நீங்கள் ஈர பூட்ஸோடு நடந்தது முப்பது டிகிரி வெயிலில். அங்கே சேற்றுப்புண் வரும், தோல் உரியும், பவுடர் போட்டால் ஆறும். அந்த அனுபவத்தை வைத்துக் குளிரை அளக்க முடியாது.

உறுதியான ஆட்கள்தான் வேண்டும் என்றால், 1982இல் அர்ஜென்டினாவோடு சண்டை போட ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போன பிரிட்டிஷ் மரீன்களைப் பாருங்கள். நார்வேயின் பனியில் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த பூட்ஸில் தண்ணீர் புகுந்தது. சதுப்பு நிலத்தில் வாரக்கணக்கில் காயாத காலோடு நடந்தார்கள். படையில் டிரெஞ்ச் ஃபுட் பரவலாக வந்தது. பிடிபட்ட அர்ஜென்டினர்களின் பூட்ஸ் இதைவிட மேல் என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. போர் முடிந்த பிறகுதான் பூட்ஸை மாற்றினார்கள். எப்போதும் பிறகுதான்.

காசைக் கொட்டி வாங்கினாலும் தப்பாக வாங்கலாம். 1950இல் கொரியாவின் சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்கர்களுக்கு அடிப்பாகம் ரப்பரில் செய்த குளிர்கால பூட்ஸ் கொடுக்கப்பட்டது. நடக்கும்போது உள்ளே வியர்த்தது, நின்றதும் அந்த வியர்வை உறைந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. கால் மட்டும் போயிற்று.

உங்கள் மகன் வாங்கிய சாக்ஸுக்கு வருகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் டிரெஞ்ச் ஃபுட் கட்டுக்குள் வந்தது எப்படி தெரியுமா? தங்கள் ஆட்களின் காலுக்கு அதிகாரிகளே பொறுப்பு என்று ஆக்கினார்கள். உலர்ந்த சாக்ஸ் பதுங்குகுழி வரை போய்ச் சேர வேண்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். பழைய குற்றச்சாட்டு, சிப்பாய் சோம்பேறி என்பது. பொறுப்பு மேலே போனதும் எண்ணிக்கை இறங்கியது. நம் ராணுவம் வெயில் விஷயத்தில் செய்வதும் இதுதானே? வெப்ப அளவைப் பார்த்துப் பயிற்சியையும் ஓய்வையும் பிரிக்கிறார்கள், ‘வாட்டர் பேரேட்’ என்று நிற்கவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். தாகத்தை அடக்குவது வீரம் என்று அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. 2007 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய நம் ஆட்களில் சிலர் இருந்தது பாமியானில். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும் ஊர். அங்கே போனவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சாக்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிக்கமாட்டார்கள். என்ன, இதையெல்லாம் ஒரு பையன் தன் கைக்காசில் வாங்க வேண்டியிருக்கிறதா, வழங்கியது போதாதா, இல்லை வெறும் பதற்றமா என்று அவனிடமே கேட்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

சரி, 1962. லடாக்கின் ரெசாங் லாவில், 16,000 அடிக்கு மேலே, 13 குமாவோன் படையணியின் ஒரு கம்பெனி நவம்பர் 18 அன்று ஏறக்குறைய கடைசி ஆள்வரை நின்று சண்டை போட்டது. சில மாதங்கள் கழித்து உடல்களைக் கண்டெடுத்தபோது, பலர் கையில் ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்திருந்தார்கள். பெரும்பாலும் ஹரியானாச் சமவெளியிலிருந்து வந்த ஆட்கள். அவர்களிடம் உறுதி குறைந்தது என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

பழைய கதை என்று விடவும் முடியவில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமென்டின் பத்துப் பேரை மூடியது. தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பா என்ற வீரரும் பிழைக்கவில்லை. பனிச்சரிவை எந்த பூட்ஸும் தடுக்காது, அதை இதோடு முடிச்சுப்போடவில்லை. ஆனால் 2020இல் இந்திய நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையைப் படியுங்கள். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலைப் படைகளுக்குப் புது பூட்ஸ் வாங்கவே இல்லை, பழையதைச் சரிசெய்து மறுபடி கொடுத்தார்கள் என்கிறது அது. பனிக்கண்ணாடித் தட்டுப்பாடு 62 முதல் 98 சதவிகிதம். அந்தக் குளிர்காலத்தில் மேலே இருந்தவர்களிடம் போய், மன உறுதியைப் பற்றி என்னால் பேச முடியாது.