இணையச் சமூகங்களை ஆராய வருகிறவர்கள் கேட்டவை

இணையத்தில் கூடிப் பேசுகிற மனிதர்களை ஆராய்வதுதான் என் வேலை. மாணவர்களும் குழு நடத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எல்லாரும் பார்க்கும்படி எழுதியதை ஆய்வுக்கு எடுக்க யாரைக் கேட்க வேண்டும் அக்கா? (முனைவர் பட்ட மாணவி, மதுரை)

டீக்கடை பெஞ்சில் பேசுகிறவர் நாலு பேர் காதில் விழத்தான் பேசுகிறார். ஆனால் பக்கத்தில் ஒருவர் நோட்டில் குறிப்பெடுப்பது தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ட்விட்டர் பயனர்களிடமே இதைக் கேட்டார்கள். தங்கள் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் தேடிய சொற்களை வைத்தே ஒரு மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மேற்கோள் காட்டப்போகும் வரியை அப்படியே தேடுபொறியில் போடுங்கள். எழுதியவர் பக்கம் முதலில் வந்து நின்றால், அந்த வரியை உங்கள் சொற்களில் மாற்றி எழுதுங்கள். நோய், குடும்பத் தகராறு போன்றவை என்றால் எழுதியவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஃபேஸ்புக் மக்களின் மனநிலையோடு விளையாடியது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேருக்குக் காட்டிய பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்து, அவர்கள் எழுத்து மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறியது, மிக மிகக் கொஞ்சம். 2014இல் கட்டுரை வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. கட்டுரையை வெளியிட்ட இதழே பிறகு தன் கவலையைத் தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டது. விளைவு சிறியது என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்த வாரம் மனம் உடைந்திருந்தவர்கள் அந்தப் பட்டியலில் எத்தனை பேரோ! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழுவின் விதிகளை மேலே ஒட்டி வைத்தால் புதியவர்கள் பயந்து ஓடிவிடுவார்களா? (குழு நிர்வாகி, கோவை)

நானும் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர், ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழு நிர்வாகிகளோடு சேர்ந்து 2016இல் இதைச் சோதித்தார். 2,190 விவாதங்கள். சிலவற்றில் மட்டும் மேலே விதிகளை ஒட்டினார்கள். புதியவர்கள் விதியை மதித்து எழுதுவது 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. பேச வந்த புதியவர்களின் எண்ணிக்கையோ சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது! இங்கே இப்படித்தான் பேசுவார்கள் என்று தெரிந்தால் தயங்குகிறவருக்கும் தைரியம் வருகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆய்வு எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம், அது நிர்வாகிகளுக்குத் தேவைப்பட்ட கேள்வியைக் கேட்டது.

எங்கள் விக்கியில் புதிதாக வருகிறவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2007இல் உச்சத்தைத் தொட்ட பங்களிப்பாளர் எண்ணிக்கை அதன்பின் சரிந்தது. விஷமத்தைத் தடுக்கக் கொண்டுவந்த தானியங்கி நிரல்களும் விரைவுக் கருவிகளும், நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன என்பதை ஒரு காரணமாக 2013இல் ஆரன் ஹாஃபேக்கர் குழுவினர் காட்டினார்கள். தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்த ஓர் ஆசிரியையிடம் நான் பேசியிருக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் அந்த வரி காணோம், ‘சான்று இல்லை’ என்று இரண்டே சொல். அவர் திரும்பி வரவேயில்லை. நீக்குவது தப்பில்லை. ஆனால் நீக்கியவர் அவருடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாமே.

வெறுப்புக் குழுக்களை மூடினால் ஆட்கள் வேறு இடத்தைக் கெடுக்க மாட்டார்களா?

2015இல் ரெடிட் மூடிய குழுக்களில் இரண்டை ஆராய்ந்தார்கள். பலர் கணக்கையே விட்டுவிட்டார்கள். ரெடிட்டிலேயே தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தபட்சம் 80 விழுக்காடு விழுந்தது. ஆனால் வேறொரு குழு தனித் தளம் அமைத்துப் போனபோது, கூட்டம் சுருங்கினாலும் பேச்சு இன்னும் கடுமையானது. ஆகவே ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன்.

லட்சம் தமிழ்ப் பதிவுகளைக் கருவியில் போட்டு உணர்வு அலசல் (மகிழ்ச்சியா, கோபமா என்று கணினியே பிரிப்பது) செய்யலாமா அக்கா? (பொறியியல் மாணவர்)

செய்யலாம் தம்பி, ஆனால் முதலில் இருநூறை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். பாதி தமிழ் எழுத்தில் இருக்கும், பாதி ஆங்கில எழுத்தில். ‘நல்லா இருப்பீங்க’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அது வாழ்த்தா, வயிற்றெரிச்சலா என்பது அந்தப் பதிவுக்கு மேலே உள்ள ஐந்து பதிலையும் படித்தால்தான் தெரியும். உங்கள் நண்பர் ஒருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருவருமே ஒத்துப்போகாத பதிவுகள் எத்தனை என்று எண்ணிவிட்டு, அப்புறம் கருவியைத் திறவுங்கள்.