ஆளுநர் உத்தரவு சட்டமாகுமா? பிரஸ்பிட்டேரியன் குடியேறிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வழிபாட்டுச் சுதந்திரம் தேடித்தானே பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர்கள் அமெரிக்கா போனார்கள்? அங்கேயும் அரசோடு ஏன் மோதல்?

பதில்: அதற்காக மட்டும் போகவில்லை. அயர்லாந்தின் அல்ஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து வம்சத்தாரைக் குத்தகை உயர்வும் விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்து விரட்டின. அங்கே 1704 சட்டப்படி, அரசு சபையான ஆங்கிலிக்கன் சபையில் நற்கருணை (அப்பமும் ரசமும் பெறும் சடங்கு) வாங்காதவருக்கு அரசுப் பதவி கிடையாது. போன இடத்திலும் வர்ஜீனியா போன்ற காலனிகளில் அதே சபைதான் அரசு சபை. பேராயரே இல்லாமல் மூப்பர்களைக் கொண்டு நடக்கும் பிரஸ்பிட்டேரியன் சபையை ஆளுநர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

கேள்வி: பிரான்சிஸ் மக்கெமி வழக்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

பதில்: இதை எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். 1707 ஜனவரியில் பிரஸ்பிட்டேரியன் போதகர் மக்கெமி நியூயார்க்கில் ஒரு வீட்டில், கதவைத் திறந்து வைத்தபடியே பிரசங்கம் செய்தார். தன்னிடம் உரிமம் வாங்கவில்லை என்று ஆளுநர் கார்ன்பரி பிரபு அவரையும் உடன் வந்த ஜான் ஹாம்ப்டனையும் கைது செய்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று பிணை எழுதிக் கொடுத்தால் விடுகிறேன் என்றார். நன்னடத்தைக்கு வேண்டுமானால் பிணை தருகிறேன், பிரசங்கத்தை நிறுத்த மாட்டேன் என்றார் மக்கெமி. ஆறு வாரத்துக்கு மேல் சிறைவாசம்.

ஜூனில் விசாரணை. அரசு சபையைச் சேராத மாற்றுச் சபையார் வழிபட அனுமதித்த இங்கிலாந்தின் 1689 சகிப்புச் சட்டம் இங்கே செல்லாது என்றது அரசுத் தரப்பு. அப்படியானால் மாற்றுச் சபையாரைத் தண்டிக்கும் ஆங்கிலேயச் சட்டங்களும் இங்கே செல்லாதே என்று திருப்பிக் கேட்டது மக்கெமி தரப்பு. அரசி ஆளுநருக்கு அனுப்பிய அறிவுறுத்தல் ஆளுநரைக் கட்டுப்படுத்தலாம், குடிமக்களுக்கு அது சட்டமாகாது என்றும் வாதிட்டது. அந்த வழக்கின் உயிரே இந்த வாதம்தான். ஜூரி குற்றமற்றவர் என்றது. ஆனாலும் வழக்குச் செலவென்று 83 பவுண்டுக்கு மேல் அவர் தலையிலேயே கட்டினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்!

கேள்வி: கார்ன்பரி என்ன ஆனார்?

பதில்: 1708-இல் பதவி பறிபோனது. மக்கெமியும் அதே ஆண்டு காலமானார்.

கேள்வி: வர்ஜீனியாவில்?

பதில்: அங்கே 1747-இல் வந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் சாமுவேல் டேவிஸ், பிரசங்கிக்கும் ஒவ்வொரு கூடத்துக்கும் தனித்தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. சபையார் தங்கள் போதகரையும் தாங்கி, ஆங்கிலிக்கன் சபைக்கும் வரி கட்டினார்கள். 1776-இல் ஹனோவர் பிரஸ்பிட்டரி (அந்தப் பகுதிச் சபைகளின் போதகர், மூப்பர் மன்றம்) இதை எதிர்த்துச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பியது. மதச் சுதந்திரச் சட்டம் 1786-இல்தான் நிறைவேறியது.

கேள்வி: அப்படியென்றால் இவர்கள் எப்போதும் நியாயத்தின் பக்கம்தானா?

பதில்: இல்லை. 1763 டிசம்பரில் பென்சில்வேனியாவின் பாக்ஸ்டன் பகுதி ஆட்கள், பெரும்பாலும் இதே பிரஸ்பிட்டேரியன் குடியேறிகள், அரசின் பாதுகாப்பில் இருந்த கானெஸ்டோகா பழங்குடியினர் 20 பேரைக் கொன்றார்கள், குழந்தைகளையும் விடவில்லை. எல்லையோரத்தில் எங்களை அரசு காக்கவில்லை என்பது அவர்கள் முறையீடு. குறை உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கொலைக்கு அது நியாயமாகாது. பிறகு ஆயுதங்களோடு பிலடெல்பியா நோக்கிக் கிளம்பியவர்களை பெஞ்சமின் பிராங்க்ளின் உள்ளிட்ட தூதுக்குழு பேசித் திருப்பி அனுப்பியது. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.