மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

கேள்வி: கணவர் துபாயில் இருக்கிறார். வாட்ஸப்பில் மெசேஜ், போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வருகின்றன. கால் போட்டால் மணி அடிக்கிறது. எடுத்ததும் 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. இங்கே மொபைல் கடையில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு விபிஎன் போட்டுத் தந்தார்கள். அப்படியும் பேச முடியவில்லை. போனை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: போனை மாற்ற வேண்டாம் அம்மணி, கடையை மாற்றுங்கள். வாட்ஸப் காலை மறிக்கும் செக்போஸ்ட் இருப்பது துபாயில். விபிஎன் என்பது டேட்டாவை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு. நீங்கள் உங்கள் ஊர்ப் பக்கம் வேலந்தாவளத்தில் வழி சுற்றி என்ன பயன்?

'இன்னார் கூப்பிடுகிறார்' என்ற தகவல் மெசேஜ் போகும் வழியிலேயே போகிறது. அதை மறித்தால் மெசேஜும் நின்றுபோகும். அதனால் விட்டுவிடுகிறார்கள், மணி அடிக்கிறது. வாய்ஸ் மெசேஜ் வெறும் ஃபைல், அதுவும் போய்விடும். நேரடிப் பேச்சுக்குத்தான் வேறு தடம்: யுடிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து நிற்காமல் வேகமாக அனுப்பும் முறையில், சின்னச் சின்னப் பொட்டலங்களாக, இரு பக்கமும் சீராக ஓட வேண்டும். நெட்வொர்க்கில் இருக்கும் வடிகட்டி இந்த ஓட்டத்தின் சாயலை வைத்தே கண்டுபிடித்துப் பொட்டலங்களைக் கொட்டிவிடும். மூட்டையைப் பிரிக்காமல், வண்டியைப் பார்த்தே திருப்பி அனுப்புவது போல. பேச்சு மறையாக்கத்தில் (பிறர் கேட்க முடியாதபடி பூட்டி) இருந்தும் பலனில்லாமல் போவது இதனால்தான்.

ஏன் மறிக்கிறார்கள்? அமீரகத்தில் இணையக் குரல் சேவைக்கு உரிமம் 'எடிசலாட்', 'டு' என்ற இரண்டு டெலிகாம் கம்பெனிகளுக்கும்தான். இரண்டிலும் அரசுக்குப் பெரும் பங்கு. ஐஎஸ்டி வருமானத்தை யார் விடுவார்? ரஷ்யா 2025 ஆகஸ்ட்டில் வாட்ஸப், டெலிகிராம் கால்களை முடக்கியபோது மோசடிக்காரர்கள் மேல் பழி போட்டது. மொராக்கோ 2016 ஜனவரியில் மூடியது. நவம்பரில் பருவநிலை மாநாட்டுக்கு உலகமே மராகேஷுக்கு வரும் நேரத்தில் திறந்துகொண்டது! நம் நாட்டிலும் 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையக் காலுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்துச் சில நாளிலேயே பின்வாங்கியது.

விபிஎன்னை அவர் அங்கே போட்டுக்கொள்ளட்டும் என்றும் சொல்லமாட்டேன். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்பட்டால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலியைப் பாருங்கள். இரண்டு போனிலும் அதுவே இருக்க வேண்டும். அவரிடம் இந்திய சிம் இருந்தால் ரோமிங் டேட்டாவில் வாட்ஸப் கால் பெரும்பாலும் கிடைக்கும், அந்த டேட்டா இந்தியக் கம்பெனி வழியாக இணையத்துக்குள் போவதால். ரோமிங் பேக் போடாமல் ஆன் செய்துவிட வேண்டாம், பில் தாங்காது.

உங்கள் போனில் இருக்கும் விபிஎன்னை இன்றே நீக்குங்கள். ஆன் செய்திருக்கும்வரை பேங்க் ஆப் உட்பட எல்லாமே யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகத்தான் போகும். அந்த 300 ரூபாயையும் கேட்டுப் பாருங்கள்.