கார்டு இருக்கிறது, கண் டாக்டர் எங்கே?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிறார். கொஞ்ச நாளாகச் செங்காயையும் பழத்தையும் மாற்றிப் போடுகிறார், எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்கிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் கண் டாக்டர் தர்மபுரியில் யார்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் டாக்டரைத் தேடாதீர்கள் தங்கச்சி, அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த அட்டை புறநோயாளிச் சீட்டுக்கோ கண்ணாடிக்கோ செல்லாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அதைச் செய்ய அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் செல்லும்.

இது தெரியாமல் நாங்கள் பட்டிருக்கிறோம். “கார்டு எடுத்துக்கிறோம்” என்று சொன்ன ஒரு தனியார் மருத்துவமனைக்கு என் அத்தையைக் கூட்டிப்போனோம். பச்சை அங்கி மாட்டி, புருவத்துக்கு மேல் மையால் அம்புக்குறி போட்ட பிறகுதான், இந்த ஆபரேஷனுக்கு இங்கே அனுமதி இல்லை என்றார்கள். நெற்றியில் அந்த மையோடுதான் அத்தை பஸ்ஸில் ஊர் திரும்பினார். முழங்கையால் மறைத்துக்கொண்டே வந்தார்.

அதனால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கே முதலில் போங்கள். வெறும் கண்புரை என்றால் லென்ஸ் வைத்து இலவசமாகவே ஆபரேஷன் செய்வார்கள், அட்டையே வேண்டாம். ஆனால் பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரையால் அங்கே ரத்தக் குழாய் கசிந்தாலும் ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. தெரிய வரும்போது பார்வை கொஞ்சம் போயிருக்கலாம்.

வேறு இடத்துக்கு எழுதிக்கொடுத்தால், சிகிச்சையின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அந்தப் பெயரைச் சொல்லி, எந்த மருத்துவமனையில் செய்வார்கள் என்று விசாரியுங்கள். அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீட்டு அட்டை கைக்குக் கிடைக்காவிட்டால் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் ரேஷன் கார்டைக் காட்டுங்கள், அட்டை எண்ணைத் தேடித் தருவார்கள்.

சர்க்கரை நோட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் பையில் இருக்கட்டும். கண்ணின் கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எதுவும் தெளியாது. தனியாக அனுப்பாதீர்கள். அன்றைக்கு மண்டிக்கும் வேண்டாம்.